கோட் ஓடினால் மட்டும் போதுமா? (இல்லாத கருவிகளுக்கும் ஸ்பெக் வேண்டும்)

இந்த முறை கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் உடனே ஜன்னலை மூடிவிட வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு அரைப் பக்கம் பொறுத்துக்கொண்டால், மீதி எல்லாம் நமக்கு நன்றாகத் தெரிந்த பழைய சண்டைதான். முதலில் எழுதிவிட்டுச் செய்வதா, செய்து முடித்துவிட்டு எழுதுவதா?

நம் லேப் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், அல்காரிதம் எல்லாம் எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சிஸ்டத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? புரோகிராம் எப்படியோ ஓடும். அவுட்புட் வரும். அதன் பிறகு அந்த அவுட்புட்டுக்குப் பொருத்தமாக ஒரு அல்காரிதம் 'தயாராகும்'. ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் திட்டமிட்டு நடந்த மாதிரியே இருக்கும். பிராக்டிகல் மார்க்குக்கு இது போதும். உலகம் முழுக்க சர்வர்களில் ஓடும் ஒரு கெர்னலுக்கு இது போதாது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு விர்ச்சுவல் கருவிக்கான டிரைவரை லினக்ஸ் கெர்னல் மாதிரியான பொது இடத்தில் சேர்ப்பதற்கு முன்னால், அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற ஆவணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோட் எழுதியவரைத் தவிர வேறு ஆட்களும் அதைப் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பெக் இல்லையா, மெர்ஜ் இல்லை. அவ்வளவுதான்.

இல்லாத கருவி என்றால்?

நிஜக் கருவியில் இருந்து தொடங்குவோம். கம்ப்யூட்டரில் ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கிறது. எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்று தயாரித்த கம்பெனி ஒரு கையேடு போட்டிருக்கும். அதைப் பார்த்து டிரைவர் எழுதுகிறார்கள்.

இப்போது ஒரே கம்ப்யூட்டருக்குள் பத்து விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும். கார்டு கிடையாது, ஆனால் இருப்பதாக நம்ப வைக்க வேண்டும். அதனால் கியூஎமு போன்ற மென்பொருள்கள் ரியல்டெக் 8139, இன்டெல் இ1000 மாதிரியான நிஜக் கார்டுகளைப் போலவே நடித்தன. உள்ளே இருக்கும் கெஸ்ட் ஓஎஸ் தன்னிடம் இருக்கும் பழைய டிரைவரைப் போட்டு வேலையைப் பார்க்கும். இதில் தொல்லை என்னவென்றால் வேகம். டிரைவர் ஒரு ரெஜிஸ்டரைத் தொட்டாலே கன்ட்ரோல் கெஸ்ட்டை விட்டு வெளியே குதித்து, நடிக்கும் மென்பொருளிடம் போய்விட்டுத் திரும்ப வேண்டும். நிஜக் கார்டில் சும்மா நடக்கும் காரியம் இங்கே பெரிய செலவு.

அப்போதுதான் ஒரு யோசனை. எப்படியும் நடிப்புதானே? நடிக்க வசதியான ஒரு கருவியை நாமே கற்பனை செய்துவிட்டால் என்ன? ஜென், விஎம்வேர் என்று ஆளாளுக்கு இப்படிச் சொந்தக் கருவிகள் செய்தார்கள். ஆளாளுக்குச் செய்தால் டிரைவரும் ஆளாளுக்கு வேண்டும். இதைப் பொதுவாக்கத்தான் ரஸ்டி ரஸ்ஸல் விர்ட்டியோ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-ல் அது சேர்ந்தது. அதே ஆண்டு அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார்.

விர்ட்டியோவின் அடிப்படை நம் மெஸ் டோக்கன் மாதிரிதான். டிரைவர் தன் மெமரியில் ஒரு அட்டவணை வைத்திருக்கும். ஒவ்வொரு வரியும் 16 பைட்: எந்த முகவரி, எவ்வளவு நீளம், சில கொடிகள், அடுத்த வரி எது. "இந்த வரியில் வேலை இருக்கிறது" என்று ஒரு வளையத்தில் போடும். கருவி வேலையை முடித்து, "இது முடிந்தது, இத்தனை பைட் எழுதினேன்" என்று இன்னொரு வளையத்தில் போடும். டோக்கன் போகிறது, தட்டு வருகிறது. அந்த "இத்தனை பைட் எழுதினேன்" என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

சிலிக்கான் இல்லாததுதான் சிக்கல்

நிஜக் கருவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிப் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்துவிட்டது, இனி அது மாறாது. டிரைவர்தான் அதற்கேற்ப வளைய வேண்டும். கையேடு தப்பாக இருந்தாலும் சிப்பைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

விர்ச்சுவல் கருவிக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. கருவியும் மென்பொருள், டிரைவரும் மென்பொருள். பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள், ஒரே வாரத்தில், அடுத்தடுத்த ஜன்னலில் எழுதுகிறார். இந்தப் பக்கம் ஒத்துவரவில்லையா, அந்தப் பக்கம் ஒரு வரியை மாற்றினால் போச்சு. கடைசியில் இரண்டும் பேசிக்கொள்கின்றன. ஆனால் என்ன மொழியில் பேசுகின்றன என்று கேட்டால் அவருக்கே முழுதாகச் சொல்லத் தெரியாது. இரட்டைக் குழந்தைகள் தங்களுக்குள் மட்டும் புரிகிற ஒரு பாஷையை வைத்துக்கொள்வது போல.

மெர்ஜ் ஆகும் வரை இது பிரச்சினையே இல்லை. ஆன பிறகுதான் ஆட்டம். கெர்னல் வெளியாகிறது. அதை வைத்து யாரோ ஒரு விஎம் இமேஜ் செய்கிறார்கள். அந்த இமேஜ் எங்கோ ஒரு மூலையில் பத்து வருஷம் அப்டேட் இல்லாமல் ஓடும். ஹோஸ்ட் பக்கம் புதுசாக வந்தாலும் அந்தப் பழைய டிரைவரை ஏமாற்றக் கூடாது. அதாவது, அன்றைக்கு அந்த வாரத்தில் தற்செயலாக எது வேலை செய்ததோ, அதுவே நிரந்தரச் சட்டம் ஆகிவிடுகிறது. நிஜ உலகில் ஒரு சிப்பைத் தயாரிக்க அனுப்பும் நாள் எப்படியோ, விர்ச்சுவல் உலகில் மெர்ஜ் நாள் அப்படி. அதற்கு முந்தைய நாள் வரை எல்லாவற்றையும் மாற்றலாம். அடுத்த நாளிலிருந்து எதை மாற்றினாலும் யாராவது ஒருவருடைய மெஷின் உடையும்.

சும்மா பயமுறுத்தவில்லை, நடந்த கதைகள்

விர்ட்டியோ கோட் 2008-லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. ரஸ்டி ரஸ்ஸல் ஸ்பெக் வரைவும் எழுதினார், அதன் 0.9.5 பதிப்பு 2012-ல் வந்தது. முறையான தரமாக்கல் குழு ஓயாசிஸ் அமைப்பின் கீழ் 2013-ல்தான் அமைந்தது. அந்தக் குழுவின் கையிலிருந்து வந்ததுதான் 1.0. நடுவில் ஓடிய அந்த வருஷங்களுக்கு நாம் கொடுத்த விலையை 1.0 ஸ்பெக்கிலேயே பார்க்கலாம். 'லெகசி' என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

முதல் கதை பைட் வரிசை. பழைய விர்ட்டியோவில் எண்கள் கெஸ்ட்டின் சொந்த வரிசையில் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். எக்ஸ்86-ல் மட்டும் ஓடும்போது யாருக்கும் கவலை இல்லை, எல்லாம் லிட்டில் எண்டியன். ஆனால் பவர்பிசி போன்ற பிராசஸர்கள் இரண்டு வரிசையிலும் ஓடும். கெஸ்ட் இப்போது எந்த வரிசையில் இருக்கிறது என்று ஹோஸ்ட் ஊகிக்க வேண்டிய நிலை. ஒரு கருவி தன் முதலாளி இடது கைக்காரரா வலது கைக்காரரா என்று ஊகித்து வேலை செய்வதை யோசித்துப் பாருங்கள். 1.0-ல் "எப்போதும் லிட்டில் எண்டியன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முதல் நாளே எழுதியிருக்கக்கூடிய வரி.

இரண்டாவது கதை நெட்வொர்க் கார்டு ஹெடர். பழைய முறையில் இது சில நேரம் 10 பைட், சில நேரம் 12 பைட். ஒரு குறிப்பிட்ட வசதியை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும் கடைசி 2 பைட் முளைக்கும். அதேபோல பிசிஐ-யில் பொதுவான ரெஜிஸ்டர்கள் முடிந்து கருவியின் சொந்த விவரங்கள் தொடங்கும் இடம் சில நேரம் 20, சில நேரம் 24. எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற இன்டரப்ட் முறையை ஆன் செய்தால் 4 பைட் நகர்ந்துவிடும். கோட் எழுதும்போது இது ஒரு சின்ன 'இஃப்' மட்டுமே. இதை வாக்கியமாக எழுதிப் பார்த்தால்தான் "அட, இது என்ன கூத்து" என்று தோன்றும். ஸ்பெக் எழுதுவதன் முதல் லாபமே இதுதான்: கோடில் அழகாகத் தெரியும் அசிங்கம் வாக்கியத்தில் ஒளிந்துகொள்ளாது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அந்த "இத்தனை பைட் எழுதினேன்" எண் ஞாபகம் இருக்கிறதா? பல டிரைவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. யாரும் பார்க்காததால் பல கருவிகள் அதில் தப்பான எண்ணைப் போட்டுவந்தன. லெகசி முறையில் இதை நம்பாமல் இருப்பதே நல்லது என்று ஸ்பெக்கிலேயே எழுதவேண்டி வந்தது. 2021-ல் லினக்ஸில் பாதுகாப்புக்காக ஒரு சோதனை சேர்த்தார்கள். கருவி சொல்லும் நீளம் கொடுத்த பஃபரைவிடப் பெரிதாக இருந்தால் நிராகரி என்று. மிக நியாயமான சோதனை. சேர்த்த கொஞ்ச நாளிலேயே திரும்ப எடுக்கவேண்டி வந்தது, ஏனென்றால் தப்பாக எண் போடும் கருவிகள் நிறையவே இருந்தன. பூட்டு போட வந்தவரிடம் "சார், கதவு நிலையே கோணல்" என்று சொல்லி அனுப்பிய கதை.

நான்காவது கதை 2024-ல். பலூன் என்று ஒரு விர்ட்டியோ கருவி உண்டு. ஹோஸ்ட்டுக்கு மெமரி தட்டுப்பாடு வந்தால் கெஸ்ட்டிடமிருந்து கொஞ்சம் திரும்ப வாங்குவதற்கு. அதில் ஐந்து க்யூக்கள், 0 முதல் 4 வரை எண். ஸ்பெக்கின்படி ஒவ்வொரு க்யூவுக்கும் எண் நிலையானது. நடுவில் ஒன்றைப் பயன்படுத்தாவிட்டாலும் மற்றவற்றின் எண் மாறக் கூடாது. ஆனால் கியூஎமு, 3-ம் எண் க்யூ தேவைப்படாத அமைப்பில், 4-ல் இருக்க வேண்டியதை 3-க்கு நகர்த்திவிட்டது. லினக்ஸும் அதேபோல இடைவெளியை மூடி எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரித் தப்பு செய்ததால் எல்லாம் ஜோராக ஓடியது! அந்த வசதி 2020-ல் லினக்ஸ் 5.7-ல் வந்தது. 2024-ல்தான் லினக்ஸை ஸ்பெக் சொல்கிறபடி திருத்தி, கூடவே பழைய கியூஎமுவுக்காக ஒரு ஒட்டுவேலையும் சேர்த்தார்கள்.

இந்த நான்காவது கதை என் கட்சிக்கு எதிரானது என்று சிலர் சொல்லலாம். "ஸ்பெக்தான் இருந்ததே, அப்புறம் எப்படித் தப்பு வந்தது?" நல்ல கேள்வி. ஆவணம் எங்கோ ஒரு மூலையில் இருந்தால் போதாது, மெர்ஜ் செய்யும் நேரத்தில் பேட்ச்சை ஒரு கையிலும் ஸ்பெக்கை இன்னொரு கையிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். "ஓடுகிறது" என்பது சாட்சியே இல்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே பொய்யைச் சொன்னால் அது உண்மை ஆகிவிடுமா?

"கோட்தான் ஸ்பெக், படிச்சுக்கோ"

எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம்: சோர்ஸ் கோட்தான் திறந்தே கிடக்கிறதே, அதைவிடத் துல்லியமான ஆவணம் என்ன வேண்டும்?

கோட் என்ன நடக்கிறது என்று சொல்லும். என்ன நடக்க வேண்டும் என்று சொல்லாது. இந்தக் கருவி பூஜ்ய நீளக் கோரிக்கை வந்தால் பிழை தருகிறது என்று கோடில் பார்க்கிறீர்கள். அது வாக்குறுதியா, தற்செயலா, பக்கா? கோடிடம் கேட்டால் பதில் வராது. ஸ்பெக் இருந்தால் மூன்றில் எது என்று தெரியும். பக்குக்கும் வாக்குறுதிக்கும் நடுவில் கோடு போடுவதுதான் ஸ்பெக்கின் வேலை.

இன்னொன்று உரிமம். லினக்ஸின் கோட் ஜிபிஎல். பிஎஸ்டி உரிமத்தில் எழுதுபவர் அதைப் பார்த்து எழுதத் தயங்குவார். இதை உணர்ந்துதான் விர்ட்டியோவின் ஹெடர் ஃபைல்களை, யார் வேண்டுமானாலும் ஒத்துப்போகும் டிரைவர் எழுதட்டும் என்று சொல்லியே, பிஎஸ்டி உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் ஹெடர் ஃபைலில் பெயரும் எண்ணும்தான் இருக்கும். எப்போது எதைச் செய்ய வேண்டும் என்ற நடத்தை அதில் இருக்காது. டெலிபோன் டைரக்டரி மட்டும் கொடுத்துவிட்டு "எல்லோரிடமும் பழகிக்கொள்" என்றால் எப்படி?

"முதலில் ஓடட்டும், அப்புறம் எழுதலாம்"

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. இன்டர்நெட்டின் தரங்களை வகுத்த ஐஇடிஎஃப் அமைப்பே ஓடும் கோடைத்தானே பெருமையாகச் சொல்கிறது? காகிதத்தில் கமிட்டி போட்டு எழுதிய தரங்கள் பல செத்துப்போனதே?

உண்மைதான். ஆனால் அந்த ஐஇடிஎஃப் இன்னொன்றும் கேட்டது. 1996-ல் வந்த அதன் விதிமுறைப்படி, ஒரு தரம் அடுத்த படிக்குப் போக வேண்டுமென்றால், தனித்தனியாக எழுதப்பட்ட குறைந்தது இரண்டு கோட்கள் ஒன்றோடொன்று பேசிக் காட்ட வேண்டும். தனித்தனி என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எழுத வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆவணம் இருந்தே ஆக வேண்டும். ஆக, அவர்கள் கேட்டதும் ஓடும் கோட் மட்டும் அல்ல.

ஸ்பெக் முழுதாக முடிந்த பிறகுதான் கீபோர்டைத் தொட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. எழுதுங்கள், ஓட்டுங்கள், உடையுங்கள், திரும்ப எழுதுங்கள். அதற்கு வசதியும் இருக்கிறது. சோதனைக் கருவிகளுக்கு 65535-ல் தொடங்கிக் கீழ்நோக்கி எண் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்பெக்கே சொல்கிறது. உங்கள் கிளையில் நீங்கள் ராஜா. நான் கேட்பது மெர்ஜ் என்ற ஒரே ஒரு வாசலில் மட்டும் காவல்.

கோட் எழுதினால்தான் ஸ்பெக்கின் ஓட்டை தெரியும் என்பதும் சரி. 2021-ல் விர்ட்டியோ ஐ2சி டிரைவர் லினக்ஸில் சேர்ந்தது. பூஜ்ய நீளக் கோரிக்கையை என்ன செய்வது என்பதை ஸ்பெக் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. பிறகு அதற்கென ஒரு வசதி பிட் சேர்த்து, அது இல்லாத கருவியோடு டிரைவர் வேலை செய்யாது என்று கண்டிப்பாக்கினார்கள். இங்கே ஸ்பெக் இருந்ததால்தான் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது, அடைக்கவும் ஒரு முறை இருந்தது. ஸ்பெக்கே இல்லாத இடத்தில் ஓட்டை என்று எதைச் சொல்வீர்கள்? எல்லாமே வெட்டவெளி.

கமிட்டி என்றாலே தாமதம் என்பது மூன்றாவது முணுமுணுப்பு. விர்ட்டியோ 1.1 வந்தது 2019, 1.2 வந்தது 2022. மூன்று வருஷம் யார் காத்திருப்பார்கள்? யாரும் காத்திருக்க வேண்டாம். பதிப்பு வெளியாவது வேறு, உங்கள் கருவியின் பகுதி விவாதிக்கப்பட்டு வரைவில் ஏற்கப்படுவது வேறு. நான் கேட்பது இரண்டாவது. தாமதம் என்கிறவர்கள் பலூன் கதையின் நான்கு வருஷத்தையும் கணக்கில் சேர்த்துச் சொல்லட்டும்.

"எங்க கருவி, எங்க டிரைவர், உனக்கென்ன?"

கடைசி வாதம் பெரிய கம்பெனிகளுடையது. இந்தக் கருவியைத் தருவது நாங்கள் மட்டும்தான், டிரைவரும் நாங்களே தருகிறோம், ஸ்பெக் எதற்கு?

2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வி டிரைவர்களை, சுமார் 20,000 வரிகள், ஜிபிஎல் உரிமத்தில் லினக்ஸுக்குக் கொடுத்தது. அன்றைக்குப் பெரிய செய்தி. கோட் கொடுத்தது நல்ல விஷயமே. ஆனால் அதே கருவிகளுக்கு வேறொரு ஓஎஸ்ஸில் டிரைவர் வேண்டுமென்றால்? ஃப்ரீபிஎஸ்டிக்கு அது கிடைத்தது, மைக்ரோசாஃப்ட்டே சேர்ந்து வேலை செய்ததால். உரிமையாளர் மனசு வைத்தால் வழி திறக்கும் என்றால், அது வழி இல்லை, தயவு.

"நாங்கள் மட்டும்தான்" என்பதும் நிலைப்பதில்லை. விர்ட்டியோ தொடங்கியபோது இருந்தது கேவிஎம், ரஸ்டி ரஸ்ஸலின் எல்கெஸ்ட் போல ஒரு சிலதான். இன்று கருவிப் பக்கம் கியூஎமு, கூகுளின் கிராஸ்விஎம், அமேசான் 2018-ல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், ஃப்ரீபிஎஸ்டியின் பீஹைவ், ஆப்பிளின் விர்ச்சுவலைசேஷன் ஃபிரேம்வொர்க் என்று வரிசை நீள்கிறது. டிரைவர் பக்கம் லினக்ஸ், விண்டோஸ், பிஎஸ்டி குடும்பம், இன்னும் பலர். 2020-ல் லினக்ஸ் 5.7-ல் விடிபிஏ என்ற அமைப்பு வந்தது. நிஜ நெட்வொர்க் கார்டுகளே விர்ட்டியோ வளையங்களில் நேராகப் பேசுவதற்கு. கற்பனையாகப் பிறந்த கருவி சிலிக்கானாக அவதாரம் எடுத்துவிட்டது! ஸ்பெக் இல்லாமல் எந்த ஹார்டுவேர் கம்பெனி அதைத் தொட்டிருக்கும்?

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த எல்கெஸ்ட் 2017-ல் லினக்ஸ் 4.14-ல் நீக்கப்பட்டுவிட்டது. விர்ட்டியோ முதன்முதலில் ஓடிய வீடுகளில் ஒன்று இன்று இல்லை. விர்ட்டியோ இருக்கிறது. கோட் போய்விடும், எழுதி ஒப்புக்கொண்டது நிற்கும்.

நமக்கு என்ன?

இதெல்லாம் பெரிய ஆட்கள் சண்டை, காலேஜ் பசங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நம்மைத்தான் முதலில் பாதிக்கிறது என்பேன்.

எம்ஐடி-யின் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன ஓஎஸ்ஸை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் ரிஸ்க்-ஐந்து பதிப்பில் டிஸ்க் டிரைவர் விர்ட்டியோதான். முந்நூற்றுச் சொச்சம் வரி. ஸ்பெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் ஒரு வாரக் கடைசியில் படித்து முடித்துவிடலாம். இதே கருவிக்கு ஸ்பெக் இல்லையென்று வையுங்கள். கியூஎமு என்ற கடலுக்குள் குதித்து, எந்த 'இஃப்' எதற்காக என்று முத்துக் குளிக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அதற்கு ஆள் உண்டு. ஹாஸ்டல் ரூமில் தனியாக ஒரு குட்டி ஓஎஸ் எழுத ஆசைப்படும் பையனுக்கோ பெண்ணுக்கோ கிடையாது. ஸ்பெக் என்பது ஆள் பலம் இல்லாதவருக்கான நுழைவுச் சீட்டு. அதை எழுதாமல் மெர்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் நாம் சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறோம்.

பாதுகாப்பும் இருக்கிறது. ஹோஸ்ட்டையே நம்ப முடியாத சூழலில் விஎம் ஓட்டும் முறைகள், ஏஎம்டி-யின் எஸ்இவி, இன்டெலின் டிடிஎக்ஸ் போன்றவை, வந்துவிட்டன. அங்கே டிரைவருக்கு எதிரே இருக்கும் கருவி எதிரியாகவும் இருக்கலாம். எதிரி வரம்பு மீறுகிறானா என்று பார்க்க, வரம்பு முதலில் எழுதியிருக்க வேண்டுமே!

நல்ல ஸ்பெக் எப்படி இருக்கும்?

முப்பது பக்கம் எல்லாம் வேண்டாம். கருவியின் எண் என்ன, எத்தனை க்யூ, எந்த வசதிக்கு எந்த பிட், கோரிக்கையின் ஒவ்வொரு பைட்டும் என்ன, பைட் வரிசை என்ன, பிழை வந்தால் என்ன, ரீசெட் செய்தால் பாதியில் நிற்கும் வேலைக்கு என்ன ஆகும். டிரைவரின் கடமை தனி, கருவியின் கடமை தனி. எது கட்டாயம், எது நல்லது, எது விருப்பம் என்று மூன்று படி. இந்தப் படிகளுக்கான வார்த்தைகளை 1997-ல் ஆர்எஃப்சி 2119 வரையறுத்துவிட்டது, விர்ட்டியோவும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

எழுதியது போதுமா என்று பார்க்க ஒரு எளிய பரீட்சை உண்டு. உங்கள் கோடைப் பார்க்காத ஒருவர், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்பெக்கை மட்டும் படித்து மறு பாதியை எழுத முடியுமா? முடிந்தால் பாஸ். "அது வந்துடா, அங்க பார்த்தீன்னா..." என்று நீங்கள் வாயைத் திறந்த நிமிஷம் ஃபெயில். வாயால் சொல்லவேண்டி வந்த அந்த வாக்கியம்தான் ஸ்பெக்கில் விட்டுப்போன வாக்கியம்.

நம் வகுப்புக்கு ஒரு யோசனை. அடுத்த செமஸ்டர் மினி பிராஜெக்டில் இரண்டு பேர் டீம் எல்லாம் ஒரு தடவை இப்படி முயற்சி செய்யலாம். ஒருவர் கியூஎமுவில் ஒரு சின்னக் கருவி எழுதட்டும், ஒரு கால்குலேட்டர் போதும், இரண்டு எண் கொடுத்தால் கூட்டித் தர வேண்டும். இன்னொருவர் டிரைவர். இருவரும் சேர்ந்து முதலில் இரண்டு பக்க ஸ்பெக் எழுதி, பிறகு டெமோ நாள் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. டெமோ அன்றுதான் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். கூட்டல் விடை சரியாக வருகிறதா, இல்லை 5-க்குப் பதிலாக 83886080 வருகிறதா என்று பார்க்கலாம். (ஏன் அந்த எண் என்று கண்டுபிடிப்பவர்களுக்குக் கேன்டீனில் ஒரு டீ என் செலவு. க்ளூ: முதல் கதை. :-))

அந்த ஒரு டெமோவைப் பார்த்தவர்கள், "முதலில் மெர்ஜ் பண்ணிடலாம், டாக்குமென்ட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பிற்காலத்தில் எந்த ஆபீசில் யார் சொன்னாலும் தலையாட்ட மாட்டார்கள். 'அப்புறம்' என்று சொல்லப்படும் அந்த நாள் விர்ட்டியோவுக்கு வர ஐந்து வருஷம் ஆனது. அதன் பாரத்தை 'லெகசி' என்ற பெயரில் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பல கருவிகளுக்கு அந்த நாள் வருவதே இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம். ஆனால் எழுத்தில் சொல்லுங்கள், அதுதானே இந்தப் பதிவே!